அறுபத்தோராம் பக்கத்துக் குடை

என் தம்பி எமிலியானுஸின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, அவனுடைய வாழ்க்கையை நான் எழுத வேண்டும் என்று பங்கு மக்கள் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் திகதிகளைப் பிழையில்லாமல் வைத்திருப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். அதனால் ஒப்புக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு. தம்பியின் மேல் ஒரு பழி இருக்கிறது. நூற்றிமுப்பது வருடப் பழைய புத்தகம் ஒன்றில் இருந்த பென்சில் குறிப்புகளை அவன் கவனமில்லாமல் அழித்துவிட்டான் என்று பல நாடுகளில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். அவன் அழிக்கவில்லை. அதை அச்சில் போடாமல் எனக்கு நித்திரை வராது.

எமில் 1969ஆம் ஆண்டு மே நாலாம் திகதி மன்னார் பேசாலையில் பிறந்தான். எங்கள் வீட்டில் நான் மூத்தவள், அவன் கடைசி. நான் வீட்டு வேலைக்கு இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு வந்து ஐந்து வருடம் கழித்து, 1996இல், அவனைக் கூப்பிட்டேன். முதலில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். 1999இல் சிஞ்ஞோரா ஒலிவியா என்ற வயதான அம்மையாரின் வீட்டில் வேலை கிடைத்தது. பதின்மூன்று வருடம் அந்த வீட்டிலேயே இருந்தான்.

சிஞ்ஞோராவின் பூட்டனார் இங்கிலாந்துக்காரர், வைன் வியாபாரத்துக்கு சிசிலிக்கு வந்தவர். அந்தக் காலத்தில் இங்கே இருந்த ஆங்கிலேயர்கள், லண்டனில் ஓடிய பாட்டு நாடகங்களைக் குளிர்காலத்தில் தங்கள் வீட்டு மண்டபங்களில் போட்டிருக்கிறார்கள். விக்டோரியா மகாராணி காலத்துப் பகிடி ஒப்பராக்கள். அவற்றின் பாட்டுப் புத்தகங்கள், நிகழ்ச்சித் தாள்கள், கையால் பிரதி எடுத்த வயலின் தாள்கள், உடுப்புகளுக்கு வரைந்த வர்ணப் படங்கள் எல்லாம் சிஞ்ஞோராவின் நடைவழி அலுமாரியில் இருந்தன. சிஞ்ஞோராவுக்குக் கண் மங்கியபோது, அவற்றை எடுத்து வாசிக்கச் சொன்னார். எமிலுக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும், பகிடி விளங்காது. விளங்காத இடத்தைச் சிஞ்ஞோரா இத்தாலியனில் சொல்ல, இருவரும் சிரிப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகிடி என்னிடம் வரும்.

"அக்கா, ஒரு தீவிலை ஒரு கவர்ணர். அவர் குடையை விரிச்சால்தான் அங்கை மழை பெய்யலாம். அப்பிடிச் சட்டம்."

"அவர் விரிக்காட்டி?"

"ஒருத்தரும் நனையக் கூடாது. நனைஞ்சவனை மறியலிலை அடைப்பினம்."

"கடைசியா விரிச்சவரோ?"

"அது கடைசிப் பாட்டிலை. குடை முழுக்க ஓட்டை."

இந்த நாடகத்தின் பெயர் 'ஆளுநரின் குடை'. வசனம் மட்டும் அச்சடித்த பிரதி இங்கிலாந்தில் இரண்டு இருக்கிறதாம். அதன் இசை எங்கும் இல்லை என்றுதான் அதைத் தேடுகிறவர்கள் நினைத்திருந்தார்கள். அது சிஞ்ஞோராவின் அலுமாரியில் இருந்தது.

2012இல் சிஞ்ஞோரா இறந்தார். வீட்டை விற்க வந்த மருமகன், காகிதம் எல்லாவற்றையும் குப்பைக்குப் போடச் சொன்னார். எமில் அவரிடம் கேட்டு வாங்கி, சந்தைக்கு இழுத்துக்கொண்டு போகும் சில்லுப் பையில் அடுக்கி, ஒன்பது தடவை பஸ்ஸில் ஏற்றி அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த தன் இரண்டு அறை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் மனைவி மரியமலர் அலுமாரியைக் காகிதங்களுக்குக் கொடுத்துவிட்டு, உடுப்புகளைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். "என்ரை சேலையள் நிலத்திலை, வெள்ளைக்காரன்ரை பாட்டு அலுமாரியிலை" என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பழைய ஸ்கேனர் ஒன்று வாங்கினான். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் செலஸ்ரீனா இணையத்தில் ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து தாள் தாளாக ஏற்றினான். யாரும் எடுக்கலாம், யாரும் பாடலாம், ஒன்றும் தர வேண்டாம். சாகும்வரை அவன் ஏற்றிய பக்கங்கள் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. நான் எண்ணிப் பார்த்தேன்.

அவனுக்கு இசைக் குறியீடு வாசிக்கத் தெரியாது. நியூசிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவன் ஏற்றிய தாள்களைப் பார்த்து 'ஆளுநரின் குடை'யில் ஒரு பாட்டைப் பாடி அனுப்பினார்கள். குசினியில் போனை ரொட்டி மாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். எமில் இரண்டாம் தடவையும் போட்டான்.

"அந்தப் பூச்சி பூச்சியாக் கிடந்ததெல்லாம் இதுதானோ அக்கா?" என்றான். கண் கலங்கியிருந்தது.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். கறுப்பு மட்டை போட்ட தடித்த புத்தகம். 'ஆளுநரின் குடை'யை அந்தக் காலத்தில் நடத்தியவர் மேடையின் ஓரத்தில் நின்று வைத்திருந்தது. யார் எங்கே நிற்பது, யார் எப்போது விசிறியை மடக்குவது, எந்த வசனத்துக்குச் சனம் சிரித்தது என்று பக்கம் பக்கமாகப் பென்சிலால் குறித்திருந்தார். மூன்று சின்னக் கோடு போட்டிருந்தால், மூன்று எண்ணும்வரை பொறு, சிரிப்பு அடங்கட்டும் என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குப் போன மாதம்தான் தெரியும். புத்தகத்தின் கட்டு இறுக்கமாக இருந்தபடியால் எமில் அதைக் கடைசிக்கு வைத்திருந்தான். நாற்பதாம் பக்கம்வரை ஏற்றியிருந்தான்.

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர் அந்தப் புத்தகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. சாந்த ரொசாலியாவின் திருநாளுக்கு முந்தின நாள் வருகிறார் என்று தம்பி சொன்னான். அவன் வீட்டுக்கு அப்படி ஒரு விருந்தாள் வருவது எனக்குப் பெருமை. பத்தாம் திகதி திங்கட்கிழமை அவனும் மரியமலரும் வேலைக்குப் போனபிறகு, என்னிடம் இருந்த திறப்பால் வீட்டைத் திறந்தேன். நிலம் கழுவினேன், யன்னல் துடைத்தேன். பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தேன்.

பழைய காகிதத்தைச் சுத்தம் செய்ய எனக்குத் தெரியும். நான் வேலை செய்த ஒரு வீட்டில் பழகியது. பாண் ரொட்டியின் மெத்தென்ற உள்பக்கத்தை உருட்டி மெல்ல ஒற்ற வேண்டும். அதற்குப் போகாததை மெல்லிய அழிறப்பரால் எடுக்க வேண்டும். நாற்பத்தோராம் பக்கத்தில் ஓர் அடையாளத் தாள் இருந்தது. அங்கே தொடங்கினேன். ஓரம் எல்லாம் கோடும் அம்புக்குறியும் கிறுக்கலும். சிஞ்ஞோரா வீட்டுப் பிள்ளைகள் யாரோ முந்தி விளையாடியது என்று நினைத்தேன். தாள் கிழியாமல், அச்செழுத்தில் கை படாமல், ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை இருபத்துமூன்று பக்கம்.

எமில் வந்து புத்தகத்தை விரித்தான். ஒரு பக்கம் திருப்பினான். இன்னொரு பக்கம் திருப்பினான். கதிரையை இழுத்து இருந்தான்.

"என்னடா, பிடிக்கேல்லையோ?"

"இல்லை அக்கா. பால் மாதிரிக் கிடக்கு."

"இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் துடைக்கத் தெரியாது. நான்தான் வரோணும்."

"ஓம் அக்கா. நீங்கள் கை வைச்சால் ஒண்டும் மிஞ்சாது."

நானும் சிரித்தேன்.

"மிச்சத்தை நாளைக்கு வந்து செய்யவோ?"

"வேண்டாம், செய்தது காணும். உங்கடை கை நோகும்." எழும்பித் தேத்தண்ணி போட்டுத் தந்தான். புத்தகத்தை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

பதின்மூன்றாம் திகதி ஆசிரியை வந்தார். மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நானும் போயிருந்தேன். அவர் புத்தகத்தைத் திருப்பி, தம்பியைப் பார்த்தார். தம்பி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். ஆசிரியையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ரோல்ஸில் உறைப்புக் கூடிவிட்டது என்று நினைத்து, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு என் கையைத் தட்டி நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு தம்பிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வேலையால் வந்து பின்னேரங்களில் யன்னல் கதவுகளைச் சாத்துவான். மேசை விளக்கைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் படுக்க வைப்பான். வெளிச்சம் தாளின் மேல் சரிந்து விழும். முகத்தைத் தாளோடு ஒட்டி வைத்துக்கொண்டு கொப்பியில் எழுதுவான்.

"வெளியிலை உவ்வளவு வெயில் கிடக்க விளக்குக் கொளுத்துறாய். விசரோ உனக்கு? கண்ணல்லோ கெடப் போகுது!"

"வெளிச்சம் கூடினால் எனக்குத் தெரியுதில்லை அக்கா."

வயது போகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நான்தான் அவனைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு வருடம் இப்படி. 2023 செப்டெம்பரில் வயிற்றில் நோய் கண்டுபிடித்தார்கள். இவ்வருடம் பெப்ரவரி ஆறாம் திகதி விடிய, மரியமலரும் செலஸ்ரீனாவும் நானும் பக்கத்தில் இருக்க இறந்தான். ஐம்பத்துநாலு வயது.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள், இணையப் பக்கத்துக்கு வந்த அனுதாபங்களைச் செலஸ்ரீனா எனக்குத் தமிழில் சொன்னாள். கனடா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்று அறுபதுக்கு மேல். எனக்குப் பெருமையாக இருந்தது. லீட்ஸ் ஆசிரியையும் எழுதியிருந்தார். அவன் செய்த வேலையைப் புகழ்ந்து எழுதிவிட்டு, "அந்தப் புத்தகத்துக்காக நான் அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன்" என்று முடித்திருந்தார்.

"என்னத்தை மன்னிச்சவ?" என்றேன்.

செலஸ்ரீனா போனைக் கீழே வைத்தாள்.

"விடுங்கோ மாமி."

"சொல்லு பிள்ளை."

அவள் இணையத்தில் நாற்பத்தோராம் பக்கத்துக்குக் கீழே தகப்பன் எழுதியதை வாசித்தாள். 'இங்கிருந்து இருபத்துமூன்று பக்கங்களில் இருந்த பென்சில் குறிப்புகள் என் கவனக்குறைவால் அழிந்தன. மன்னிக்கவும். எமிலியானுஸ்.' அதற்குக் கீழே அந்த நேரம் வந்த மறுமொழிகள். சில மரியாதையானவை. ஒருவர், வேலைக்காரன் கையில் இதையெல்லாம் விட்டது பிழை என்று எழுதியிருந்தார்.

நான் அழவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா சொல்ல விடேல்லை. அக்காக்குத் தெரிஞ்சால் பிறகு ஒரு வீட்டிலையும் துணிஞ்சு ஒரு சாமானைத் தொட மாட்டா எண்டவர். பென்சில் அழுத்தின பள்ளம் தாளிலை இருக்கும், விளக்கைச் சரிச்சுப் பிடிச்சு வாசிச்சிடலாம் எண்டவர். பதினாலு பக்கம் வாசிச்சிட்டார். ஒன்பது பக்கத்திலை எழுதினவர் அழுத்தி எழுதேல்லை மாமி. ஒண்டும் தெரியேல்லை."

"அவன் எழுதினதை மாத்து. நான்தான் எண்டு போடு."

"மாத்தினா அப்பா பொய் சொன்னவர் எண்டல்லோ வரும்?"

இரண்டு நாள் இதை யோசித்தேன். அவன் எழுதியதைத் தொடக் கூடாது, ஏற்கனவே ஒரு தடவை துடைத்தது போதும் என்று முடிவெடுத்தேன். அதற்குக் கீழே போடச் சொல்லி நான் தமிழில் எழுதிக் கொடுத்ததைச் செலஸ்ரீனா ஆங்கிலத்திலும் போட்டாள். 'மேலே உள்ளதை என் தம்பி என்னைக் காப்பாற்ற எழுதினான். குறிப்புகளை அழித்தது நான், அவனுடைய அக்கா யோசப்பின். அழுக்கென்று நினைத்தேன்.'

ஆனால் எனக்கு ஆறாதது அது இல்லை. நான் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் அழித்தேன். அன்றைக்குப் பின்னேரமே அவன் என்னைக் கேட்டிருந்தால், எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் என்ன இருந்தது என்று வரைந்தே காட்டியிருப்பேன். ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும். ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தாலும் பாதி சொல்லியிருப்பேன். கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவன் கேட்கவில்லை. எனக்கு நோகக் கூடாது என்று, தன் கண்ணை நம்பி விளக்குக்குக் கீழே ஆறு வருடம் இருந்தான். நான் பக்கத்தில் நின்று அவனை ஏசிக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை ஒன்பது வெள்ளைத் தாள் எடுத்து, அந்த ஒன்பது பக்கங்களின் எண்களையும் எழுதி, மேசையில் வரிசையாக வைத்தேன். காலையிலிருந்து இருந்தேன். அறுபத்தோராம் பக்கம் ஞாபகம் வந்தது. வலப்பக்க ஓரத்தில் விரித்த குடை ஒன்று, கைப்பிடி வளைந்தது. வடிவாக இருந்தபடியால் அதை அழிக்க எனக்கு ஒரு கணம் மனம் வரவில்லை. அதற்குக் கீழே சின்னக் கோடுகள். ஒவ்வொன்றாக எடுத்தபடியால் எண்ணிக்கை தெரியும். ஏழு. வரைந்து செலஸ்ரீனாவிடம் காட்டினேன்.

அவள் தகப்பனின் கொப்பியைப் புரட்டினாள். "கவர்ணர் ஓட்டைக் குடையை விரிக்கிற இடம் மாமி. வேறை எங்கையும் நாலுக்கு மேலை கோடில்லை. புத்தகத்திலையே பெரிய சிரிப்பு இதுதான்."

அவனுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

மற்றத் தாள்களை வைத்துக்கொண்டு பின்னேரம்வரை இருந்தேன். ஞாயிறும் இருந்தேன். ஒன்றும் வரவில்லை. எண் மட்டும் எழுதிய எட்டுத் தாள்களையும் அடுக்கிக் கொடுத்தேன்.

"இதுகளையும் ஏத்தவோ மாமி?"

"ஏத்து பிள்ளை. ஒண்டையும் விடாதை."