அவன் குரலுக்கு ஏற்ற தோல்

என் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மருதமுனையில் கைத்தறிச் சாரன் விற்கும் என் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். "மேசை உங்களுக்கு என்ன செஞ்ச? அதப் போட்டு அடிக்கீங்க" என்பாள் மனைவி. கல்முனைப் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் பாடசாலை விழாக்களிலும் வாசிக்கிற எங்கள் சின்னக் குழுவில் இருபது வருடமாக நான்தான் ட்ரம் அடிக்கிறேன். பலமாக அடிப்பவன் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

குழுவின் பாடகன் சாய்ந்தமருதில் கணிதம் படிப்பிப்பவன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். போன வருடம் அவன் கழுத்தில் இருந்த தைராய்டுக் கட்டியைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். குரல் நரம்பில் கொஞ்சம் பாதிப்பு வரலாம் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். வந்தது. மூன்று மாதம் வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான். பிறகு ஒரு குரல் வந்தது. பாதி காற்று, பாதி கரகரப்பு. வகுப்பில் அது நாலாவது வாங்குக்கு எட்டவில்லை. முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான்.

பாடசாலையில் அவனுக்கு வைத்த பிரியாவிடைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கடைக்கு வந்தான்.

"மச்சான், பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேக்குதுகள். ஓம் எண்டுட்டன். நீ அடிக்கணும்."

"இந்தக் குரலோடயா?" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "அதுக்கென்ன" என்றேன்.

கடைக்குப் பின்னால் துணி அடுக்கும் அறையில்தான் எங்கள் ஒத்திகை. கீபோர்ட் வாசிப்பவர் சொறிக்கல்முனையில் வேளாண்மை செய்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் கிறிஸ்தவக் கோயிலிலும் வாசிப்பார். அவர் தொடங்க, நான் சேர, நண்பன் பாடினான். அவன் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மைக்கைக் கூட்டினோம், மைக் என் ட்ரம்மையும் சேர்த்து வாங்கிக் கூட்டியது. மெதுவாக அடித்துப் பார்த்தேன். என் ட்ரம்களில் இருந்தது கண்ணாடி போன்ற மெல்லிய ஒற்றை பிளாஸ்டிக் தாளில் செய்த தோல். எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் அடிக்குப் பிறகு ஒரு ரீங்காரம் நீண்டு நின்றது. அந்த ரீங்காரம் நின்ற இடம்தான் அவன் குரலும் நிற்க வேண்டிய இடம்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோலின் ஓரத்தில் டேப் ஒட்டினேன், பிய்த்தேன், வேறு இடத்தில் ஒட்டினேன். சாரன் துண்டை மடித்து வைத்தேன். ஒருவர் சாரன் கேட்டு நிற்கிறார், நான் உள்ளே டொம் என்கிற ஆழமான ட்ரம்மைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கடையைச் சாத்திவிட்டுக் கல்முனைக்கு ஓடினேன். வாத்தியம் விற்கும் கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"ட்ரம் எண்டாக் கேக்கத்தானே வேணும்? சத்தம் குறைஞ்ச தோல ஆர் வாங்குவான்?"

கொழும்புக்குச் சொல்லி, கிடைத்ததிலேயே தடிப்பான தோலை எடுப்பித்தேன். இரண்டு தாள் ஒட்டி, ஓரத்தில் அதிர்வை அடக்கும் வளையமும் வைத்தது. பஸ்ஸில் பார்சல் வந்த அன்றைக்கே மாட்டினேன். அட்டைப் பெட்டியில் தட்டுவது போல் இருந்தது. ஆனால் நண்பன் பாடியபோது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். நாலு வரியில் அவன் நிறுத்திவிட்டான்.

"உன்ட ட்ரம் எங்கடா?"

"உனக்காகத்தான் குறைச்சிரிக்கன்."

"இவ்வளவு குறைக்கச் சொன்னனா? நான் மூச்சு எடுக்கிற இடத்தில புடிச்சு நிக்க ஒண்டும் இல்ல. தனிய விட்டாப்போல கிடக்கு."

பத்து நாள் அலைச்சல் எல்லாம் தலைக்கு ஏறியது. "சத்தமா அடிச்சா உன்ட குரல் கேக்கல்ல, மெல்ல அடிச்சா ட்ரம் இல்ல! என்னதான் வேணும் உனக்கு?" என்று கத்தினேன்.

அவனும் கத்தத்தான் வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. காற்று மட்டும் வந்தது. வாயை மூடிக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நான் குச்சியைப் பிடித்தபடி இருந்தேன். கீபோர்ட்காரர் வயரைச் சுற்றிக்கொண்டே, முஸ்லிம் அண்ணனை அழைக்கும் முறையில் மெதுவாகச் சொன்னார்: "நானா, எங்கட கோயில்ல ஒரு ட்ரம் இரிக்கு. வெள்ளத் தோல். ஒருக்கா வந்து கேட்டுப் பாருங்களன்."

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் போனேன். அந்தத் தோலில் வெள்ளைப் பூச்சு இருந்தது, விரலால் தடவினால் மெல்லிய அரத்தாள் போலச் சொரசொரத்தது. தட்டினேன். உச்சியில் கத்தும் அந்த ரீங்காரத்தைப் பூச்சு தின்றுவிட்டது. அடியில் உருண்டையாக ஒரு சத்தம் எழுந்து, கொஞ்சம் நின்று, தானாக அடங்கியது. சாகவில்லை, அடங்கியது. எனக்கு உடனே எல்லாம் விளங்கியது. டொம்களுக்குப் பூச்சுப் போட்ட இரட்டைத் தாள். கீழே கம்பிச்சரம் கட்டிய ஸ்னேர் ட்ரம்முக்குப் பூச்சுப் போட்ட ஒற்றைத் தாள் போதும், அதிலும் தடிப்பானதைப் போட்டால் மென்மையான அடி கேட்காமல் போகும். கீழ்ப் பக்கத்துத் தோல் மெல்லியதாகவே இருக்கட்டும், ட்ரம்மின் உடல் பேசுவதற்கு.

அங்கிருந்தே கொழும்புக்கு அழைத்துச் சொன்னேன். பிறகு நேரே சாய்ந்தமருதுக்குப் போனேன். அவன் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நான் கத்தினது பிழை மச்சான்."

"நானும் கத்தியிரிப்பன். ஏலாமப் போயிட்டு" என்றான். அவன் சிரித்த பிறகுதான் என்னால் சிரிக்க முடிந்தது.

தோல் வந்ததும் அவனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மாட்டினேன். தோலை இழுத்துப் பிடிக்கும் ஒரு ஆணியைத் திருகி, எதிர் ஆணியைத் திருகி, சுற்றிச் சுற்றி வந்தேன். அவன் தனக்கு வசதியான சுருதியில் மெல்ல முனகினான். டொம் அந்தச் சுருதிக்கும் கீழே இறங்கும் வரை தளர்த்தினேன். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றான். நான் இனிப் போதும் என்று நினைத்த இடத்திலும், "இன்னும்" என்றான். அவன் சொன்னதுதான் சரி.

பிரியாவிடை காலையில் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. வழக்கமான குச்சிக்குப் பதில் மெல்லிய மூங்கில் ஈர்க்குகளைக் கட்டிய குச்சிகளால் அடித்தேன். முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவதின் நடுவில் அவன் குரல் அறுந்தது. எனக்குக் கை பரபரத்தது. பலமாக அடித்து அந்த வெறுமையை மூடிவிட வேண்டும் போல் இருந்தது. பழைய நான் அதைத்தான் செய்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதே அளவில் அடித்துக்கொண்டிருந்தேன். கீபோர்ட்காரர் என்னைப் பார்த்தார், அவரும் கூட்டவில்லை. தாளம் இரண்டு சுற்றுப் போனது. மூன்றாவது சுற்றின் தொடக்கத்தில் அவன் மூச்செடுத்து, விட்ட சொல்லிலிருந்தே பாடினான். முடியும் வரை பாடினான்.

பின்வரிசையில் இருந்த ஒரு ஆசிரியர் வந்து, "மைக் கொஞ்சம் சரியில்ல போல" என்றார். நண்பன் "ஓம் சேர்" என்று தலையாட்டினான். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

இப்போது அவன் வீட்டில் ஐந்தாறு பிள்ளைகளைச் சுற்றி இருத்தி வகுப்பு எடுக்கிறான். அந்தத் தூரத்துக்கு அவன் குரல் போதும். போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் ட்ரம் கேட்கவில்லை என்று ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். பழைய தோலை மாட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாட்டவில்லை. ஆனால் பெரிய டொம்மின் கீழ்த்தோல்தான் எனக்கு இன்னும் சரியில்லை. நேற்றும் கழற்றிப் பார்த்தேன்.