கடைசிப் பக்கத்து வாசகர்

இலங்கை மலையகத்துத் தலவாக்கலை நூலகத்தில் நான் வேலை செய்தபோது, கிறிஸ்தவக் காதல் நாவல்கள் எழுதும் ஒருவர் சனிக்கிழமைகளில் வருவார். தேய்த்த வெள்ளைச் சட்டை, தூக்கலான சென்ட் வாசனை, தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் புன்னகை. எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே கல்யாணம் இல்லையென்றால் மேசையில் போட்டுவிடுவார்.

"உங்களுக்கு ரொம்பப் புடிச்ச புத்தகம் எதுங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் எழுதினதுதாங்க. திரும்பத் திரும்ப வாசிப்பேன்."

"வேதம் வாசிக்கிறதில்லையா?"

"வாசிப்பேனே. சிலுவையில அறையிற இடத்த மட்டும் தாண்டிப் போயிருவேன். மனசு தாங்காதுங்க."

இப்படியும் ஓர் எழுத்தாளனா என்று நினைத்தபடி, அவர் மேசையில் போட்ட நாவல்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.

அந்த வருட மழையில் லிந்துலைப் பக்கம் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த ஒரு லயம் மண்ணுக்குள் போனது. தப்பியவர்கள் தங்கியிருந்த பாடசாலைக்கு உடுப்புகள் கொண்டு போனேன். அதில் மகனைப் பறிகொடுத்த ஒரு பெண், சுவரோடு சாய்ந்து அந்த எழுத்தாளருடைய நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். நூலகத்தில் இருப்பவன் என்று என்னை அடையாளம் கண்டு, "இவரு எழுதினது வேற இருக்குங்களா சார்?" என்று கேட்டாள்.

அந்த மனிதர்மேல் எனக்கு இன்றுவரை மதிப்பு வரவில்லை. ஆனாலும் மறுநாள், நூலகத்தில் இருந்த அவருடைய நாவல்கள் அத்தனையையும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.