லாரி நம்பர்

தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆள் கூடும் இடத்தில் தேயிலைக் கொழுந்து லாரி வந்து நின்றதும், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அதன் நம்பரைப் படிப்பேன். பிறகு மறு கண். பெரியம்மாவுக்குப் பார்வை போனதிலிருந்து இதுதான் என் பூஜை.

பெரியம்மாவுக்கு முதலில் ஒரு கண்ணின் நடுவில் மங்கியது. சில மாதத்தில் மறு கண்ணிலும். ஈப்போவில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். மரபுப்பொருளில் பிசகு, ஆனால் நியூக்லியஸில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில் என்றார். மரபுப்பொருள் செல்லில் எங்கே இருக்கிறது என்ற பரீட்சைக் கேள்விக்கு நியூக்லியஸ் என்று மட்டும் எழுதிவிட்டு வந்தவள் நான். மைட்டோகாண்ட்ரியாவிலும் கொஞ்சம் உண்டாம். அது தாயிடமிருந்து மட்டுமே வருமாம். அவள் பெற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் போகுமாம். எல்லாருக்கும் பார்வை போகாது, யாருக்குப் போகும் என்றும் சொல்ல முடியாது.

என் பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் பெரியம்மா பெயர்தான் இருக்கிறது. நான் பிறந்தபோது அம்மாவிடம் ஐசி அடையாள அட்டை இல்லை, அப்பா பெரியம்மாவின் ஐசியைக் கொண்டுபோய்ப் பதிந்துவிட்டார் என்பது வீட்டில் சொல்லும் கதை. எங்கள் லயத்து வீடுகளில் அப்படிப் பதிந்த பிள்ளைகள் இன்னும் உண்டு. ஆனால் பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. மீன் தலையை எனக்கென்றே எடுத்து வைப்பாள். சொன்னது வெறும் கதைதானோ என்று நாள் முழுக்க மனம் அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேவிட்டேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான்தான்டி பெத்தேன். ரெண்டு நாளு வலியில கெடந்தேன். அக்காதான் என் காலப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சி. அது வெறும் பேப்பருதான் லா."

இரண்டு நாள் லாரிப் பக்கமே திரும்பவில்லை. அவ்வளவு நிம்மதி. மூன்றாம் நாள் கத்தரி வைத்துக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தபோது உறைத்தது. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பாட்டியிடமிருந்து பெரியம்மாவுக்கு வந்த பிசகு அம்மாவுக்கும் வந்திருக்கும். என்னை யார் பெற்றால் என்ன? அறிவு கெட்டவள், இதற்குப் போய் அம்மா மனதை நோகடித்தேன்.

மறுநாள் லாரி வந்தது. இரண்டு கண்ணாலும் படித்தேன். பள்ளி பஸ்ஸுக்குக் காத்து நின்ற என் மகளைக் கூப்பிட்டேன்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு அந்த நம்பரப் படி."

விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கடகடவென்று படித்தாள். பஸ் வரும் சத்தம் கேட்டது. பையைத் தோளில் மாட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இரு. இன்னொரு கண்ணு."