சுத்தியல் மாற்றிய மாதம்

புதுக் கம்பளியும் சூடாக்கிய பசையும் கலந்த வாசனை, கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிவீட்டை ஒரு மாதம் முழுக்க நிறைத்திருந்தது. அம்மாவின் கிராண்ட் பியானோவுக்குள், கட்டையை அழுத்தினால் எழும்பித் தந்தியில் மோதும் சின்னச் சுத்தியல்களின் கம்பளியை அந்துப்பூச்சி அரித்துவிட்டதால், பாதிச் சுரங்கள் இருமின, மீதி ஊமையாகிவிட்டன. சின்னம்மாவின் கலியாண விருந்து எங்கள் வீட்டில்தான். அன்றைக்குத் தன் தங்கச்சியான சின்னம்மா ஆடத் தானே வாசிப்பதாக அம்மா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள். "உந்தப் பெட்டியை வித்துப்போட்டு ஸ்பீக்கர் எடுப்பம்" என்றார் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பா. அம்மாவோ தெஹிவளைக்குப் போய் பியானோ திருத்தும் சில்வா அங்கிளைக் கூட்டிவந்தாள்.

அவர் கட்டைகளையும் சுத்தியல்களையும் தாங்கும் "அக்‌ஷன்" முழுவதையும் மேசை இழுப்பறையான "லாச்சி"யைப் போல இழுத்தெடுத்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அன்று முதல் நாங்கள் பாய் விரித்துத் தரையில் சாப்பிட்டோம். எனக்கும் தங்கைக்கும் அது தினமும் பிக்னிக். முழங்கால் நோகுதென்று முணுமுணுத்த அப்பாவும், சில நாளில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய சுத்தியல்களைத் தண்டிலிருந்து கழற்றத் தொடங்கிவிட்டார். அங்கிள் இரண்டு ஓரங்களிலும் முதலில் புதியவற்றை ஒட்டி, இடையே நூல் கட்டி, மற்றவற்றை அந்த நூலுக்கு நேராக நிறுத்தினார்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலையில் அக்‌ஷன் உள்ளே போனது. அம்மா வாசித்தாள். எல்லாச் சுரங்களும் பேசின, ஆனால் காதைக் கிழிப்பதுபோல.

"தகரத்தில அடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கையை எடுத்துவிட்டாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"பயப்பட வேணாம் நோனா. புதுக் கம்பளி, இறுக்கம். ஊசியால குத்தினா இளகும்" என்றார் அங்கிள்.

பொழுதுபடும்வரை அவர் ஒவ்வொன்றாகக் குத்த, அம்மா தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். மறுநாள் சின்னம்மா வெள்ளைக் கலியாணச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பைலா ஆடியபோது, பியானோவின் சத்தம் தெருமுனைவரை போனதாம். எல்லாருக்கும் முன்னால் ஆடியவர் அப்பா.

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. பியானோ வெள்ளவத்தையில் தங்கை வீட்டில். அம்மாவுக்குக் காது கேட்பதில்லை. பேத்தி வாசிக்கும்போது மூடியில் உள்ளங்கையை வைத்தபடி பக்கத்தில் நிற்பாள். போன ஞாயிறும் அப்படி நின்றவள், மெல்லச் சொன்னாள்: "ஓடாத, பிள்ளை."

பிள்ளையின் விரல்கள் தாளத்தை முந்தி ஓடிக்கொண்டுதான் இருந்தன.