காந்தத்தில் ஒட்டாத கிட்டார்

என் கைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. வட்டமாக, நடுவில் ஓட்டையோடு. எங்கள் மரக்காணம் பக்கத்துப் பெண்கள் பலரிடம் இப்படி ஒன்று உண்டு. பாத்திரக் கடையில் எவர்சில்வர் என்று எதை நீட்டினாலும் முதலில் காந்தத்தை வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் வேண்டாம். உப்பளத்துக் காற்றில் அது சீக்கிரமே துருப்பிடித்துவிடும். ஜன்னல் கொக்கி, கதவுத் தாழ்ப்பாள், ஃபேன் ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் இதே பரீட்சைதான். நான் பிளவுஸ் தைக்கிறவள். கொக்கி துருப்பிடித்தால் துணியில் பழுப்புக் கறை விழும், திட்டு எனக்கு விழும். ஆகவே காந்தத்தின்மேல் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக பக்தி.

இந்தக் காந்தத்தை நம்பித்தான் ஒரு எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பாகங்கள் பொறுக்கப் போனேன்.

கிட்டார் எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு. அவர் உப்பளத்தில் பம்பு செட் பார்க்கிறவர். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் பம்பின் பெல்ட் அவருடைய இடது கையில் இரண்டு விரல்களின் நுனியைக் கொண்டுபோய்விட்டது. காயம் ஆறியது. கிட்டாரைப் பீரோவின்மேல் ஏற்றி வைத்தவர் இறக்கவே இல்லை. குழுவிலிருந்து விலகி, கோயிலில் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கிட்டார் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நானும் எடுப்பதை விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டு நடக்கும்போது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் முன் பெஞ்சின் முதுகுக் கட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார். வலது கை விரல்கள் அந்தக் கட்டையை அழுத்தி அழுத்தி எடுத்தன. பாட்டு மாறுகிற இடத்தில் விரல்களும் இடம் மாறின. கிட்டாரில் கம்பியை அழுத்துவது இடது கை, மீட்டுவது வலது கை. இவரோ வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். சும்மா பழக்கம் என்றார். பழக்கம் என்றால் பழகிய கையில் அல்லவா வரவேண்டும்? இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுசாகத்தான் இருக்கின்றன. அவை மீட்டட்டும், வலது கை அழுத்தட்டும், அப்படி ஒரு கிட்டார் இருந்தால் என்ன ஆகும்? அன்று முழுவதும் மனசை இதுவே குடைந்தது. சுடிதாருக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

இடது கைக்காரர்களுக்கான கிட்டார் உலகத்தில் உண்டாம், பாண்டிச்சேரிக் கடைகளில் இல்லையாம். ஒரு கடைக்காரர் மட்டும் குயிலாப்பாளையத்தில் ஒரு பெண் கிட்டார் செய்கிறாள், போய்ப் பாருங்கள் என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். எழுந்து போவார் என்று பார்த்தால், போகவில்லை. ஒரு கண்டிஷன் போட்டார்.

“செஞ்சிக்கோ. ஒரே ஒரு தடவ வாசிச்சுப் பாக்கறேன். சரியா வரலன்னா, அதோட விட்டுடணும். அப்புறம் இந்த வூட்ல கிட்டாருன்னு ஒரு பேச்சு வரக்கூடாது.”

சரி என்றேன். மனுஷன் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

குயிலாப்பாளையத்துப் பெண்ணுக்குச் சொந்த ஊர் பக்கத்து இரும்பை கிராமம். என்னைவிடச் சின்னவள், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கை முழுக்க மரத்தூளோடு இருப்பாள். நான் கேட்ட கேள்விகளில் பாவம் அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். இந்த மரம் ஏன், அந்த மரம் ஏன் கூடாது, கழுத்து ஏன் வேறு மரம், உடம்பு ஏன் வேறு மரம். பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினாள். தேக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தோளில் மாட்டினால் கனம். மஞ்சளாக ஒரு பலாப்பலகை லேசாக இருந்தது, தட்டினால் சத்தம் கொஞ்ச நேரம் நின்று போனது. அதையே எடுத்தோம். மேல்துணிக்கும் லைனிங்குக்கும் மேட்சிங் பார்க்கிற மாதிரிதான் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. தனியாக எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும், பக்கத்தில் இருக்கிறதோடு சேரவேண்டும்.

கழுத்தின் பருமனுக்கு அவர் கை அளவு வேண்டும் என்றாள். கையைக் கொடுங்கள் என்று கேட்டால் எதற்கு என்பார், வம்பு. அவருடைய ஸ்கூட்டரில் வலது பக்கப் பிடியின் ரப்பர் எப்போதோ போய்விட்டது. அவரே சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றி, தன் கைக்குத் தோதாக ஆக்கி வைத்திருந்தார். இஞ்ச் டேப்பால் அதன் சுற்றளவை எடுத்துக்கொண்டு போனேன். அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அந்த அளவுக்குத்தான் செதுக்கினாள்.

இரும்புச் சாமான் வந்தபோதுதான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. கூரியரில் வந்த ஒவ்வொன்றையும் மேஜையில் கொட்டிக் காந்தத்தை வைத்தேன். கம்பியை முறுக்குகிற கீ, ஸ்க்ரூ, வார் மாட்டுகிற பொத்தான், எது ஒட்டினாலும் திருப்பி அனுப்பு என்றேன். இவ்வளவு பார்க்க வேண்டாம் அக்கா என்றாள். நீ மரத்துக்கு நடுவில் இருக்கிறாய், நாங்கள் உப்புக்கு நடுவில் இருக்கிறோம் என்றேன். கம்பிகள் வந்து உட்காருகிற பிரிட்ஜ் மட்டும் நல்ல பித்தளையில் கிடைத்தது. காந்தம் அதைச் சீண்டவே இல்லை. ஆனால் அதில் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம். கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒரு டப்பி பதிக்கிறார்கள். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு இரும்புப் பொட்டு உண்டு, கம்பி அதற்கு நேர்மேலே போகவேண்டுமாம். எங்கள் பிரிட்ஜில் ஓரக் கம்பிகள் பொட்டைவிட்டுத் தள்ளிப் போயின. பிரிட்ஜை மாற்றிவிடலாம் என்று அவள் சொன்னாள், நான் விடவில்லை. கடைசியில் பொட்டுகளுக்குப் பதிலாக நீளமாக ஒரே பட்டை வைத்த பிக்கப் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அதில் கம்பி கொஞ்சம் இப்படி அப்படிப் போனாலும் பாதகமில்லை.

அந்த டப்பிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைப் போல மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். மேலே கிட்டார் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி கரண்டு பிறக்கும், அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கிச் சத்தமாகத் தருகிறது என்றாள். இதிலும் காந்தமா என்று என் காந்தத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“அக்கா, அத தூரமா வைங்க. அது கெட்டுடும்.”

வைத்துவிட்டேன். எல்லாம் புரிந்துவிட்டது என்று சந்தோஷமும் பட்டுக்கொண்டேன்.

கிட்டார் முடிந்த அன்று அவள் தன்னிடமிருந்த கம்பிகளை மாட்டி வாசித்துக் காட்டினாள். ஆறு கம்பியும் தெளிவாகக் கேட்டன. எனக்கு உடம்பு புல்லரித்தது. ஆனாலும் அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது கம்பிமேல் காந்தத்தைக் காட்டினேன். ஆறும் வந்து ஒட்டிக்கொண்டன. இந்தக் கம்பியைக் கழற்றிவிடு, வீட்டில் வேறு வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன். உண்மையும் அதுதான். பாண்டிச்சேரியில் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துப் பார்த்து, பொன் நிறத்தில் வெண்கலம் சுற்றிய கம்பிகளை வாங்கியிருந்தேன். தடித்த நான்கும் காந்தத்துக்குப் பெரிதாக மசியவில்லை. மெல்லிய இரண்டு மட்டும் ஒட்டின. எல்லா செட்டிலும் அது அப்படித்தான் என்றார் கடைக்காரர். ஆறில் நாலு தேறியதே என்று வாங்கிவிட்டேன். பழைய மெத்தை உறையில் தைத்த பையில் கிட்டாரைப் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கீழ்புத்துப்பட்டில் ஏறின ஒரு அம்மா குழந்தையா என்று கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். பாடகர் குழுவின் சின்ன ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கி வைத்திருந்தேன். என்னுடைய பொன்னிறக் கம்பிகளை அவரே மாட்டினார். வலது கை கழுத்தைச் சுற்றிப் பிடித்ததும் அவருடைய புருவம் ஏறியது. ஸ்கூட்டர் பிடி என்று நான் சொல்லவில்லை. இடது கை மீட்டியது. மெல்லிய இரண்டு கம்பிகளும் காதைக் கிழித்தன. மற்ற நான்கும் அடுத்த தெருவில் யாரோ பேசுவதுபோல முனகின. குமிழைத் திருகிப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். அதே கதைதான்.

“நாலு கம்பி ஊமையா கெடக்குது,” என்றார். “வுடு. நீ என்னா பண்ணுவ.”

கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பம்பு பார்க்கக் கிளம்பிவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்த ‘நீ என்னா பண்ணுவ’தான் தாங்கவில்லை. குயிலாப்பாளையத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். என்னிடம் நன்றாகத்தானே பேசியது, எடுத்து வாருங்கள் அக்கா, பார்க்கிறேன் என்றாள் அவள்.

பையில் போடுவதற்கு முன்னால் கிட்டாரைத் தையல் மேஜைமேல் கிடத்தினேன். கீழே குண்டூசி டப்பி கொட்டிக் கிடந்தது. ஊசி பொறுக்கவும் அதே காந்தம்தான். பொறுக்கி முடித்து, ஊசிகள் தொங்கத் தொங்கக் காந்தத்தை மேஜைக்குக் கொண்டு வந்தபோது மெல்லிய கம்பி டக்கென்று எழும்பி வந்து ஒட்டியது. விடுவித்துவிட்டுத் தடித்த கம்பியின் பக்கம் கொண்டுபோனேன். அது ஏதோ மரியாதைக்கு லேசாக அசைந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பிக்கப் டப்பிக்குள் இருப்பதும் காந்தம். காந்தத்துக்கு மசியாத கம்பி மேலே எவ்வளவு ஆடினாலும் கீழே இருக்கிற காந்தத்துக்கு அதனால் என்ன? ஊமையானது கிட்டார் இல்லை. காந்தத்துக்குக் காது கேட்காத கம்பியாகப் பார்த்துப் பார்த்து நான்தான் வாங்கி வந்திருக்கிறேன். தனியாக நின்று சிரித்தேன். பிறகு அழுகை வந்தது, ஏனென்றால் அவருடைய ஒரே ஒரு தடவை முடிந்துபோயிருந்தது.

அப்போதே பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் என்னையும் காந்தத்தையும் பார்த்ததுமே பெருமூச்சு விட்டு, ஒட்டாத கம்பிப் பெட்டியை எடுத்து வைத்தார்.

“ஒட்டறது குடுங்க,” என்றேன். “நல்லா ஒட்டணும்.”

வீட்டுக்கு வந்து கம்பிகளை நானே மாட்டினேன். பார்த்துப் பார்த்து வேலை தெரிந்திருந்தது, சுதி மட்டும் தெரியாது. மறுநாள் பூசை முடிந்து வந்து அவர் பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சு எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன், பேசவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டு வெறும் கம்பிகளை வறட்டு வறட்டென்று இழுத்தேன். ஆறும் ஆறு பக்கம் கத்தின. நிறுத்தவில்லை. சுதி சேராத கிட்டாரைச் சகித்துக்கொள்ள அவரால் ஆகாது என்று எனக்குத் தெரியும். டீ டம்ளரோடு வந்து வாசல்படியில் நின்றார். இன்னும் ஓங்கி இழுத்தேன்.

“குடு இப்டி,” என்றார்.

தலையைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு கீயாகத் திருகினார். ஆறும் மெல்ல மெல்ல ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தன. வலது கை பெஞ்சுக் கட்டையில் அழுத்தியதைப்போல அழுத்தியது. இரண்டு கம்பி இடறியது. திரும்ப அழுத்தினார். அடித்தார். ஆறு கம்பியும் பேசின. கொஞ்ச நேரம் கம்பிகளையே பார்த்தார்.

“இது துருப்புடிக்கற கம்பியாச்சே.”

“புடிக்கட்டும். மாத்திக்கலாம்.”

“நீயா சொல்ற?”

அவர் கேட்டுவிட்டு மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது பாடகர் குழுவில் ஓரமாக நிற்கிறார். சுலபமான பாட்டுகளுக்கு மட்டும் வாசிக்கிறார், கஷ்டமானது வந்தால் கையைக் கட்டிக்கொள்கிறார். வாசித்து முடித்ததும் கம்பியை எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் வைக்கிறார், ஆனால் உப்புக்காற்று சும்மா விடுமா? துரு அவருடைய வலது கை விரல் நுனிகளில் ஒட்டிக்கொள்கிறது. பாட்டுக்குப் பாட்டு விரலைச் சட்டையிலேயே துடைக்கிற கெட்ட பழக்கம் வேறு. வெள்ளைச் சட்டையில் பழுப்பாக நான்கு விரல் தடம். எலுமிச்சையைப் பிழிந்து உப்பைப் போட்டு வெயிலில் வைத்தால் போய்விடும். உப்புக்கு இங்கே என்ன பஞ்சம். திட்டிக்கொண்டே தேய்க்கிறேன். காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடுத்த ஞாயிறுக்கு அதே சட்டையை எடுத்து வைக்கிறேன்.