செல்விக்கு அனுப்பிய பொய்

எங்கள் மேட்ரன் செய்வது திருட்டு. வேலைக்குச் சேரும் ஒவ்வொரு நர்ஸிடமும் அசல் சான்றிதழை வாங்கித் தன் பீரோவில் பூட்டிக்கொள்கிறார். இரண்டு வருடம் யாரும் விலகக் கூடாதாம்!

அந்தத் திருட்டுக்கு நானும் துணை போனேன். பொய் சொன்னேன். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் வார்டு சிஸ்டர். இது நடந்தபோது எல்லார் கையிலும் செல்போன் வந்த புதிது. படித்து முடித்து வரும் பெண்கள், சான்றிதழ் போனாலும் போகட்டும் என்று மூன்றே மாதத்தில் ஓடினார்கள். ஏன் ஓடமாட்டார்கள்? திட்டுவதற்கு எல்லாரும் இருந்தோம். சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவரும் இல்லை.

நான் கேட்கத் தொடங்கினேன். டியூட்டி முடிந்ததும் ஆளுக்கொரு எஸ்.எம்.எஸ். "சாப்ட்டியாடி? மொத ஊசி எனக்கும் சரியா வரல."

செல்வி அப்படிப் புதிதாகச் சேர்ந்த திருப்போரூர்ப் பெண். ஒரு நாள் அவளிடமிருந்து வந்தது: "கொழந்தைக்கு ட்ரிப்ஸ் ஏத்த நரம்பு கெடைக்கல சிஸ்டர். மூணு தபா குத்திட்டேன். அவங்கம்மா கத்துது. நாளைக்கு நான் வரல."

"வா. என் கையில குத்திப் பழகு" என்று அனுப்பினேன்.

வந்தாள். மருந்து அறையில் கையை நீட்டினேன்.

"இன்னா சிஸ்டர், வலிக்குதா?"

"பின்ன, குளுகுளுன்னா கீது? வாய மூடிக்கினு குத்துடி!"

சிரித்துவிட்டாள். நான்காவது குத்தில் நரம்பு கிடைத்தது. அன்றிலிருந்து அவள் எனக்குப் பெண் மாதிரி...

அடுத்த வருடம் அவளுக்கு அரசு வேலைக்கு அழைப்பு வந்தது. நேர்காணலுக்கு அசல் சான்றிதழ் வேண்டும். மேட்ரனிடம் கேட்க அவளுக்குப் பயம். "நீங்க கேட்டு வாங்கித் தாங்க சிஸ்டர்" என்று அனுப்பினாள்.

"நான் பாத்துக்கறேன்."

கேட்கவே இல்லை! அறை வாசல்வரை போனேன். மேட்ரன் தனியாகத்தான் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். இவளும் போய்விட்டால்... என்ற நினைப்புதான். இதற்குப் பெயர் அன்பா? சொல்ல எனக்கே கூசுகிறது.

"மேட்ரன் தரமாட்டேன்னுட்டாங்கடி" என்று அனுப்பினேன். நேர்காணல் நாள் போயிற்று.

அவள் பதில் இது: "பரவால்ல சிஸ்டர். எனக்காகத் திட்டு வாங்கினீங்களா? சாப்ட்டீங்களா?"

இரண்டு வருடம் முடிந்து சான்றிதழ் அவள் கைக்கு வந்தது. மறுபடி அழைப்பு வரவில்லை. இன்னும் எங்கள் வார்டில்தான் இருக்கிறாள். புதுப் பெண்களுக்கு இப்போது அவள்தான் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறாள், குத்திப் பழகக் கையை நீட்டுகிறாள். எனக்கும் தினம் "சாப்ட்டீங்களா" வருகிறது. எந்த முகத்தோடு பதில் எழுத?

மேட்ரன் அம்மா! அந்தப் பீரோ இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. எல்லா நர்ஸ்களையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் பதில் சொல்லுங்கள். அவர்கள் படித்து வாங்கிய சான்றிதழைப் பூட்டி வைக்க நீங்கள் யார்? செல்விக்காக நான் உங்களிடம் ஒரு தடவையாவது வந்து கேட்டேனா? அதையும் சொல்லுங்கள். செல்வி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கட்டும்.