வெள்ளிக்கிழமைக் கச்சேரி

மல்லாவிப் பக்கத்துக் குடியேற்றத்தில் பத்மாசனியின் பெயரைக் கேட்டாலே கட்சிக்காரருக்கு முகம் சுருங்கும். வோட்டுக் கேட்டு வருகிறவர்களை அவள் படலைக்கு உள்ளே விடமாட்டாள். கும்பிட்ட கையைக் கீழே இறக்கச் சொல்லுவாள். நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே அடுப்புக்குள் திணிப்பாள். ஊரில் பலர் அவளை வாய்க்காரி என்றார்கள். வாய் எப்படி வந்தது என்று விசாரித்தவர்கள் குறைவு.

அறுபத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம் வரைக்கும் அவள் அப்படி இல்லை. அவளுடைய புருசன் அப்புத்துரை, கட்சிக்காகப் பசை வாளி தூக்கிய மனுசன். அந்தக் கட்சியின் பெயரை இங்கே எழுதிப் பேனையைக் கெடுப்பானேன்? கரவெட்டியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, காடு வெட்டி, மூன்று ஏக்கரை வயலாக்கினான். அந்த வருடம் தை மாதம் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் செத்துப்போனான். இரண்டு பெண்பிள்ளைகளும், அரசாங்கம் கொடுத்த காணிப் பத்திரமும் மிஞ்சின. அந்தப் பத்திரத்தைக் குடியேற்றத்தில் எல்லாரும் பேர்மிற் என்பார்கள். அதில் இருந்தது அப்புத்துரையின் பெயர். அதைத் தன் பெயருக்கு மாற்றினால்தான் மாரிக்கு விதைக்கலாம், பிள்ளைகளுக்குச் சோறு போடலாம்.

ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். குடியேற்றத்தில் ஒருவருக்கும் அதில் ஒரு எழுத்தும் தெரியாது. மாங்குளத்துப் பேக்கரிக்காரனிடம் காட்டினால் வாசித்துச் சொல்லுவான் என்று அயல்வீட்டு ஜெகதீஸ்வரி சொன்னாள். பத்மாசனிக்கு அது ரோசமாகப் போய்விட்டது. கட்சி மேடைக்கு மேடை முழங்கியது இதைத்தானே! சிங்களத்தில் கடிதம் வந்தால் பயப்படாதேயுங்கள், எங்களிடம் கொண்டுவாருங்கள், எங்கள் கதவு இரவு பகலாகத் திறந்திருக்கும் என்று.

சந்தையடியில் இருந்த கிளைக் காரியாலயத்தின் பெயர்ப்பலகையிலும் 'மக்களுக்காகத் திறந்த கதவு' என்று சிவப்பு மையால் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு பெரிய ஆமைப்பூட்டுத் தொங்கியது. சாவி கிளைச் செயலாளர் தில்லைநாதனின் மடியில் இருந்தது. தில்லைநாதன் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய பெண்சாதிக்கும் தெரியாது.

இரண்டு நாள் அவள் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாம் நாள் வாசற்படியில் இன்னொருவரும் குந்தியிருந்தார். முள்ளிவாய்க்காலிலிருந்து கருவாடு கொண்டுவந்து சந்தையில் விற்கிற ஞானப்பிரகாசம். வள்ளம் இழுத்து விடுகிற கரையை யாரோ வேலி போட்டு அடைத்துவிட்டார்கள் என்று முறையிட வந்தவர்.

"எத்தினை தரம் வந்தனீங்கள் அண்ணை?" என்று பத்மாசனி கேட்டாள்.

"இதோட ஏழு. கடவுளிட்ட ஒரு அலுவல் எண்டால் எனக்குச் சுவாமியார் ஒருத்தர் போதும் பிள்ளை. இந்த எம்.பி. ஐயாவைக் காணுறதுக்கு முதல் தில்லைநாதனைக் காணவேணும், தில்லைநாதனைக் காண அவற்ர மச்சானைக் காணவேணும். மச்சானுக்கு நான் ரெண்டு பாரைக் கருவாடு குடுத்திட்டன். அதைத் திண்டிட்டு இப்ப என்னை ஆரெண்டு கேக்கிறான்."

"தேர்தலுக்கு வருவினம்தானே?"

"வருவினம். போன முறை என்ர வள்ளத்துக்குள்ள ஏறி நிண்டு படம் பிடிச்சவை. வள்ளத்தில மீன் நாறுது எண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினவை."

பத்மாசனிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னதை அவள் முழுதாக நம்பவில்லை. அப்புத்துரை நம்பிய கட்சியல்லவா?

மத்தியானம் சாய்ந்தபோது தில்லைநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். ஞானப்பிரகாசத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பத்மாசனியின் கையிலிருந்த கடிதத்தைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"சிங்களமோ? முழுக்கச் சிங்களமோ? நல்லதாப் போச்சுது! தாங்கோ பிள்ளை."

"என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ அண்ணை. பேர்மிற்றும் கொண்டு வந்தனான்."

"ரெண்டையும் சேர்த்துத் தாங்கோ. எங்கட ஐயா பாப்பார்." கடிதத்துக்குள் பேர்மிற்றை வைத்து மடித்து, விரித்தும் பாராமல், ஒரு கோவைக்குள் செருகினார். "வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு வாங்கோ. ஐயா வருவார். நேரில கதைக்கலாம்."

வெள்ளிக்கிழமை கோழி கூவ முதல் எழும்பி, பிள்ளைகளை ஜெகதீஸ்வரியிடம் விட்டு, முதல் பஸ் பிடித்து, மாங்குளத்தில் மாறி ஏறி, வவுனியாக் கச்சேரியில் போய் இறங்கினாள் பத்மாசனி. கச்சேரி என்றால் அவளுக்கு அரசாங்க அதிபரின் கந்தோர்தான். காணிக்காரருக்கு வேறென்ன கச்சேரி? எம்.பி. ஐயாவின் கார் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு விறாந்தையில் நின்றாள். பத்து மணியானது. பதினொன்றானது. கால் கடுத்தது. கார் வரவில்லை.

காணிப் பகுதி எழுதுவினைஞர் பரமலிங்கம் இரண்டு தரம் அவளைக் கடந்து போனார். மூன்றாம் தரம் நின்றார்.

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள் அம்மா?"

"எம்.பி. ஐயாவை. கச்சேரிக்கு வரச் சொன்னவை."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எம்.பி.யோ? இஞ்சயோ? ரெண்டு வருசமா அவர் இந்தப் படி மிதிக்கேல்லை. இண்டைக்கு மல்லாவியில அவையின்ர பொதுக்கூட்டமெல்லோ? கூட்டத்துக்கு முதல் மேளக் கச்சேரியாம். நோட்டீஸ் இஞ்சயும் வந்தது. தவில்காரர் யாழ்ப்பாணத்தில இருந்து வருகினமாம்."

பத்மாசனிக்குக் காது சூடானது. ஆபீஸ் கச்சேரியும் மேளக் கச்சேரியும் அவள் மண்டைக்குள் ஒன்றையொன்று இடித்தன. இருந்த காசில் பஸ்ஸுக்குக் கொடுத்து இவ்வளவு தூரம் வந்து முட்டாளாக நின்றாளே! அழுகையும் வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்துப் பரமலிங்கம் சிரிப்பை நிறுத்தினார். பெயரையும் காணி இலக்கத்தையும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒரு பட்டியலோடு திரும்பி வந்தார்.

"அட, உங்கட விசாரணையே இண்டைக்குத்தானம்மா! பிழையா வந்தாலும் சரியான இடத்துக்கு, சரியான நாளிலதான் வந்திருக்கிறியள். வேற ஒண்டுமில்லை, நாங்கள் அனுப்பின கடிதத்தையும் பேர்மிற்றையும் காட்டினால் காணியை உங்கட பேருக்கு எழுதிப்போடலாம். கொழும்பில அச்சடிக்கிற படிவம், அதுதான் சிங்களம். பேரும் திகதியும் நான்தான் நிரப்பி அனுப்பினனான்."

"ரெண்டும் கட்சியிலயெல்லோ இருக்கு..."

"மூலப் பத்திரம் இல்லாமல் ஒண்டும் ஏலாது. நான் விசாரிக்கிற துரையிட்டச் சொல்லித் திங்கள் மட்டும் நிப்பாட்டி வைக்கிறன். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாங்கோ. திங்கள் தப்பினால் காணி திரும்ப அரசாங்கத்துக்குத்தான்."

அவள் உண்மையாகவே ஓடினாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீரும் பல்லில் படவில்லை. ஆனால் நெஞ்சு நிறைந்திருந்தது. காணி கைக்கு வந்துவிட்டது, ஒரு கோவையைத் திறந்து இரண்டு கடதாசியை எடுக்கிற வேலைதான் பாக்கி.

மல்லாவியில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேளம் முடிந்து எம்.பி. ஐயா ஒலிவாங்கியைப் பிடித்திருந்தார். பட்டு வேட்டி, கழுத்து நிறைய மாலை. அவருக்குப் பக்கத்தில் கோவையோடு தில்லைநாதன். கோவையைக் கண்டதும் பத்மாசனிக்கு உயிர் வந்தது. சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"இதோ, எங்கள் மண்ணில் ஒரு விதவைத் தாய்க்கு வந்த கடிதம்!" என்று ஐயா முழங்கினார். "தமிழச்சிக்குச் சிங்களத்தில் கடிதம்! இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்! வாசிக்கமாட்டோம், எரிப்போம்!"

தில்லைநாதன் நெருப்புப்பெட்டியைத் தட்டினார். மடித்தது மடித்தபடியே, உள்ளே இருந்த பேர்மிற்றோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். ஐயா விரல் சுடும்வரைக்கும் அதைத் தூக்கிப் பிடித்தார். சனம் விசிலடித்தது. ஒரு குடும்பத்தின் வாயில் மண்ணள்ளிப் போட்டுவிட்டு அதற்குக் கைதட்டும் வாங்கிய அந்த முகத்தில் எவ்வளவு பூரிப்பு!

"ஐயோ, அதுக்குள்ள என்ர காணியெல்லோ!" என்று கத்திக்கொண்டு அவள் மேடை விளிம்பைப் பிடித்தாள்.

ஐயா குனிந்து பார்த்தார். "என்னவாம்?"

"அவாவின்ர கடிதந்தான் ஐயா. சந்தோசத்தில அழுகிறா" என்றார் தில்லைநாதன்.

ஐயா தன் கழுத்திலிருந்த மாலை ஒன்றைக் கழற்றி அவளுக்குப் போட்டார். சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது. வியர்வையும் அத்தரும் கலந்து மணத்த அந்த மாலையை அவள் அறுத்துக் கீழே எறிந்துவிட்டு, காறித் துப்பினாள். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மேடையில் நின்ற ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, தவில்காரர் திரும்பவும் தொடங்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவள் வெறுங்கையோடு வவுனியாக் கச்சேரிக்குப் போனாள். நடந்ததைப் பரமலிங்கம் கேட்டு முடித்தார். பிறகு பேனையை எடுத்தார்.

"பத்திரம் குடுக்காததுக்குக் காரணம் எழுதவேணும் அம்மா."

"எம்.பி. எரிச்சவர் எண்டு எழுதுங்கோ."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். அடுத்த மேசைக்காரரைப் பார்த்தார். "நான் பிள்ளை குட்டிக்காரன்" என்றார் மெல்ல. 'தவறவிட்டுவிட்டார்' என்று எழுதித் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

பத்மாசனி அதன் கீழே கையெழுத்து வைத்தாள். அந்த மாரிக்கு அந்த மூன்று ஏக்கரையும் வேறொருவர் விதைத்தார். அவள் அங்கே நாட்கூலிக்குக் களை பிடுங்கினாள்.